பீஸ் கட்டை

பள்ளிக்கூடத்துக்குக் கட்டுவதும் பீஸ். ஜவுளிக் கடையில் மிஞ்சிக் கிடக்கும் துண்டுத் துணியும் பீஸ். மீட்டருக்குக் கீழே பீங்கான் கட்டைக்குள் ஒளிந்திருக்கும் கம்பியும் பீஸ். இங்கிலீஷ்காரனுக்கு மூன்றும் மூன்று எழுத்துக்கூட்டு. தமிழனுக்கு அந்த வம்பெல்லாம் கிடையாது. ஆனால் மூன்றாவது பீஸுக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. அது ‘போகும்’. பல்பு எரியாவிட்டால் பல்பு பீஸ் போய்விட்டது என்கிறோம். பல்புக்குள் இருக்கும் இழை வேறு, கட்டைக்குள் இருக்கும் கம்பி வேறு என்பதெல்லாம் நமக்கு லட்சியமில்லை. பென்ஷன் வாங்குகிற மனிதரை, அவர் முதுகுக்குப் பின்னால், பீஸ் போன பல்பு என்று சொல்கிற அளவுக்கு அந்தச் சொல் நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது.

சொல் இருக்கிறது, பொருள்தான் மறைந்துகொண்டு வருகிறது. புதிதாகக் கட்டுகிற வீடுகளில் பீஸ் கட்டையே கிடையாது. அதற்குப் பதிலாக வெள்ளை நிறத்தில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் சோழிப் பல் மாதிரி வரிசையாகச் சின்னச் சின்ன ஸ்விட்சுகள். அவற்றை எம்.சி.பி. என்கிறார்கள். அவை ‘போவது’ இல்லை, ‘ட்ரிப்’ ஆகின்றன. பழைய வீடுகளில் இருப்பவர்கள் இந்தப் பெட்டிக்கு மாறலாமா, மாறினால் என்ன செலவு, மாறாவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கிறார்கள். நான் கதை எழுதுகிறவன். இதில் எனக்கு என்ன பாத்தியதை என்று நீங்கள் கேட்பது நியாயம். கும்பகோணத்தில் என் அத்தையின் வீட்டில் இந்தக் காரியம் நடந்தபோது பதினொரு நாள் நான் கூடவே இருந்தேன். அவ்வளவுதான் என் தகுதி.

அத்தைக்கு இப்போது 84 வயது. 1961-ல் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். மாமா பள்ளிக்கூடத்தில் ஸயன்ஸ் வாத்தியார். அவர் போய்ப் பதினெட்டு வருஷமாகிறது. ரேழியில், சுவரோடு சுவராக ஒரு தேக்குப் பலகை. அதன் மேல் ஒரு இரும்பு மெயின் ஸ்விட்சு. அதற்குக் கீழே ஆறு பீங்கான் கட்டைகள். பக்கத்தில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு அட்டை. அட்டையைச் சுற்றி ஈயம் பூசிய மெல்லிய செம்புக் கம்பி. கல்யாணமாகி வந்த இரண்டாவது மாதமே மாமா அத்தைக்கு அந்த வேலையைக் கற்றுக் கொடுத்துவிட்டார். மெயினை அணை, கட்டையைப் பிடுங்கு, கருகிய துண்டை எடுத்து எறி, புதுக் கம்பியை ஒரு திருகாணியிலிருந்து மறு திருகாணிக்கு இழு, முறுக்காதே, இறுக்கி இழுக்காதே, கட்டையைச் செருகு, பிறகு மெயினைப் போடு. அந்தத் தெருவிலேயே பீஸ் போடத் தெரிந்த ஒரே ஸ்திரீ அத்தைதான். இரவு எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டில் இருட்டானால், “மாமி, கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள்” என்று குரல் வரும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு அத்தை வெளிச்சம் கொடுத்திருக்கிறாள். அதில் அவளுக்கு இருந்த பெருமை, கோலப் போட்டியில் பரிசு வாங்கினவர்களுக்குக்கூட இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு தடவைகூட அத்தை தடித்த கம்பி போட்டதில்லை. இது சாமான்யமான விஷயமல்ல. 5 ஆம்பியர் கட்டைக்குப் போட வேண்டிய கம்பியின் கனம் 0.2 மில்லிமீட்டர், தலைமயிரைவிடக் கொஞ்சம் தடிமன். 15 ஆம்பியருக்கு அரை மில்லிமீட்டர். அடிக்கடி பீஸ் போகிறதே என்று அலுத்துக்கொண்டு, ஜனங்கள் பழைய வயரை உரித்து நாலு இழையை முறுக்கிக் கட்டையில் வைத்துவிடுகிறார்கள். அப்புறம் பீஸ் போவதேயில்லை, எல்லோருக்கும் சந்தோஷம். உண்மையில் என்ன ஆகிறதென்றால், வீட்டில் எங்கே மெலிந்த இடம் இருக்கிறதோ அது பீஸாகிவிடுகிறது. சுவருக்குள்ளே ஓடும் வயர், உத்தரத்துக்குப் பக்கத்துத் தேக்குப் பட்டிக்குள் ஓடும் வயர், அதுதான் இனிமேல் பீஸ். கட்டைக்குள் இருக்கும் கம்பி உருகினால் மூன்று அங்குலப் பீங்கான் கருகும். உத்தரத்தடியில் வயர் உருகினால் என்ன கருகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகையால் பீஸ் கட்டையைப் பழிப்பது அநியாயம் என்பது என் அபிப்பிராயம். சரியான கம்பி போட்ட வரையில் அது யோக்கியமான வேலைக்காரன். அதற்கு உள்ள குறை நிதானம். 5 ஆம்பியர் கம்பி 5 ஆம்பியரில் உருகிவிடாது. ஏறக்குறைய இரட்டிப்பாக, 10 ஆம்பியர் போனால்தான் உருகும். அதற்குக் குறைவாக ஏழு, எட்டு என்று மணிக்கணக்கில் ஓடினால் கம்பி பொறுத்துக்கொள்ளும். சுவரில் இருக்கும் வயர்தான் மெள்ள மெள்ள வெந்துகொண்டிருக்கும்.

எம்.சி.பி. அத்தனை பொறுமைசாலி அல்ல. இதை ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த நாகரிகம் என்று நினைக்கிறார்கள். ஜெர்மனியில் மான்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டோட்ஸ் என்பவரின் கம்பெனி 1924-லேயே இதற்குப் பேட்டண்ட் வாங்கிவிட்டது. அந்தச் சின்னக் கூட்டுக்குள் இரண்டு காவல்காரர்கள். ஒருவன், இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு. அளவுக்கு மேல் கரண்டு ஓடிச் சூடேறினால் ஓர் உலோகம் அதிகமாக நீளும், மற்றது குறைவாக நீளும். தணலில் வாட்டிய அப்பளம் மாதிரி தகடு வளையும். வளைந்து கொக்கியைத் தட்டிவிடும். இவன் நிதானி. மற்றவன் ஒரு கம்பிச் சுருள். எங்காவது இரண்டு வயர் நேராக ஒட்டிக்கொண்டு வெள்ளம்போல் கரண்டு பாய்ந்தால் சுருள் காந்தமாகி அந்தக் கணமே இழுத்துவிடும். ஒருவன் கிழவன், ஒருவன் வாலிபன். இருவரும் ஒரே திண்ணையில் காவல்.

நிற்க. அத்தை வீட்டுக்கு ஏன் இதெல்லாம் வந்தது?

வீட்டுக்கு மின்சாரம் வந்தபோது இருந்த சாமான்களை அத்தை விரல் விட்டு எண்ணுவாள். 40 வாட் பல்பு ஆறு, ஒரு மின்விசிறி, ஒரு ரேடியோ. எல்லாவற்றையும் ஒருசேரப் போட்டாலும் 400 வாட்டைத் தாண்டாது. 230 வோல்ட்டில் இரண்டு ஆம்பியர்கூட ஆகாது. அந்தக் குடும்பத்துக்கு அந்தக் கட்டைகள் தாராளம். பிறகு குளிர்பெட்டி வந்தது, மிக்ஸி வந்தது, கிரைண்டர், துணி துவைக்கும் இயந்திரம் வந்தன. குளியலறையில் வெந்நீர்ப் பானை வந்தது. அது ஒன்றே 2000 வாட், கிட்டத்தட்ட 9 ஆம்பியர். ஹூஸ்டனிலிருந்து வரும் பேரக் குழந்தைகளுக்காகப் படுக்கையறைக்கு ஏ.ஸி.யும் வந்தது. வீடு அதே வீடு, வயர் அதே வயர்.

இதெல்லாம் இருந்தும் அத்தை அசையவில்லை. பிள்ளை அமெரிக்காவிலிருந்து போனில் மன்றாடினான். “வயரிங்கை மாற்று, இல்லாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு அடுக்கு மாடியில் ஒரு வீடு வாங்கிக்கொள்” என்றான். அந்த இரண்டாவது வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அத்தை என்னிடம் சொன்னாள்: “இன்னிக்கு வயரிங் பழசுன்னு நான் ஒத்துண்டா, நாளைக்கு வீடு பழசும்பான். நாளன்னிக்கு நான் பழசும்பான். எனக்குத் தெரியாதாடா?”

இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? முதியவர்களோடு பேசும்போது நாம் வயரைப் பற்றிப் பேசுகிறோம். அவர்கள் வேறொன்றைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு மின்வேலைக்காரரை வரவழைத்துப் பார்க்கவாவது சொல்லுவோம், பார்ப்பதற்குக் காசில்லை என்று மட்டும் சொன்னேன். அதற்குச் சம்மதித்தாள்.

வந்தவர் லைசென்ஸ் வாங்கியவர், முப்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். மெயின் ஸ்விட்சைத் திறந்தார். உள்ளே இரண்டு கட்டைகள். “பேஸிலே ஒண்ணு, நியூட்ரல்லே ஒண்ணு” என்றார். பழைய வீடுகள் பலவற்றில் இப்படித்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் காவல் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். ஆனால் நியூட்ரல் பக்கத்துக் கம்பி முதலில் உருகிவிட்டால் விளக்கு அணையும், மின்விசிறி நிற்கும், வீட்டில் கரண்டு இல்லை என்று தோன்றும். பேஸ் வயரிலோ 230 வோல்ட் அப்படியே காத்துக்கொண்டிருக்கும். கரண்டுதான் இல்லையே என்று கை வைத்தவன் கதி அதோ கதி. நியூட்ரலில் பீஸ் கூடாது என்பது பின்னால் கண்டிப்பான விதியாயிற்று. ஆனால் விதிகள் பழைய வீட்டுப் படியேறி வருவதில்லை.

கூடத்துப் பட்டியின் மூடியைப் பெயர்த்தபோது வயரின் ரப்பர் உறை கருகிய வடகம் போல் உதிர்ந்தது. தொட்டாலே பொடி. தேக்குப் பட்டி மட்டும் போட்ட மாதிரியே பளபளவென்று இருந்தது. மூன்று துளைப் பிளக்குகளில் மூன்றாவது துளையைச் சோதித்தார். அந்த எர்த் வயர் சுவரோரமாக ஓடிக் கொல்லைப்புறம் போய், அந்தக் காலத்து இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டப்பட்டிருந்தது. குழாயை ஏழெட்டு வருஷத்துக்கு முன் மாற்றிப் பிளாஸ்டிக் குழாய் போட்டாயிற்று. பழைய குழாய்த் துண்டு ஒன்று மண்ணுக்கு மேலே முழம் நீளம் நிற்கிறது, எதோடும் சேராமல். எர்த் வயர் அதைப் பத்திரமாகக் கட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது கிரைண்டர். வீட்டு வேலைக்கு வரும் பெண் அந்தக் கிரைண்டர் ‘கடிக்கிறது’ என்று சில நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அத்தை அதற்கு வைத்தியம் செய்துவிட்டாள்: மணைப் பலகையில் ஏறி நின்று அரை. மரம் கரண்டைக் கடத்தாது என்பது மாமா சொல்லிக் கொடுத்த பாடம். பாடம் வாஸ்தவம்தான். ஆனால் அரைக்கிறபோது மாவு சிந்துகிறது, தண்ணீர் சிந்துகிறது, பலகை ஊறுகிறது. மின்வேலைக்காரர் மீட்டரின் ஒரு முனையைக் கிரைண்டரின் உடம்பிலும் மற்றொன்றைக் கொல்லையில் அடித்த ஒரு இரும்பு முளையிலும் வைத்தார். முள் நூற்றுச் சொச்சம் வோல்ட் காட்டியது. அந்தப் பெண் கதவருகில் ஈரக் கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஏம்ப்பா, இத்தனை நடந்திருக்கு. நான் போட்ட பீஸ் ஏன் போகலை?”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அது வயரைக் காப்பாத்துறதும்மா. மனுஷாளை இல்லை” என்றார்.

இதை நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அத்தையின் 5 ஆம்பியர் கம்பி உருகுவதற்கு ஏறக்குறைய 10 ஆம்பியர் வேண்டும். மனித உடம்புக்கு எவ்வளவு வேண்டும்? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்ஸீல் என்ற பேராசிரியர் மனமுவந்து வந்தவர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார். கம்பியைப் பிடித்த கையைத் தானாக விடுவித்துக்கொள்ளும் சக்தி ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியரோடு போய்விடுகிறது; பெண்களுக்குப் பத்தரையோடு. மில்லி ஆம்பியர் என்பது ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது ஒரு பெண்ணின் கை கிரைண்டரோடு ஒட்டிக்கொள்ளப் போதுமான கரண்டைப் போல் சுமார் ஆயிரம் மடங்கு போனால்தான் பீஸ் கட்டைக்கு விஷயமே தெரியும். அது கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. அதன் கண்ணுக்கு அவ்வளவு சிறியது தெரியாது. எம்.சி.பி.யின் கண்ணுக்கும் தெரியாது. இதைத்தான் பலர் அறிவதில்லை. பீஸை எடுத்துவிட்டு எம்.சி.பி. போட்டுவிட்டோம், இனி ஷாக் அடிக்காது என்று நிம்மதியாக இருக்கிறார்கள்.

மனிதனைக் காப்பாற்றுவது மூன்றாவதாக ஒரு சாதனம். ஆர்.சி.சி.பி. என்று அதற்குப் பெயர்; கும்பகோணத்துக் கடைகளில் பழக்கதோஷத்தால் இ.எல்.சி.பி. என்றே கேட்கிறார்கள். இதே டால்ஸீல் 1961-ல் அமெரிக்காவுக்காக அந்த ஜாதிக் கருவி ஒன்றை அமைத்தார். அத்தைக்குக் கல்யாணமான வருஷம்! அதன் வேலை கணக்குப்பிள்ளை வேலை. பேஸில் போன கரண்டு எவ்வளவு, நியூட்ரலில் திரும்பி வந்தது எவ்வளவு என்று ஓயாமல் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும். போனதும் வந்ததும் சரியாக இருந்தால் பேசாமலிருக்கும். 30 மில்லி ஆம்பியர் துண்டு விழுந்தால், அது யார் உடம்பு வழியாகவோ தரைக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டு, வினாடியில் பத்தில் மூன்று பங்குக்குள் எல்லாவற்றையும் அணைத்துவிடும். ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்துக்கொண்டு, கட்டைக் காலணியோடு நிற்கிறவனை மட்டும் அதனால் காப்பாற்ற முடியாது. அவன் கணக்கு நேராக இருக்குமே!

அத்தை அன்று ராத்திரி பலகாரம் பண்ணிக்கொள்ளவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். அறுபது வருஷமாகத் தான் காத்து வந்தது வயரைத்தான் என்று ஒரு பையன் வந்து சொல்லிவிட்டுப் போனால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். மறுநாள் காலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “என் பென்ஷன் பணம் பாங்கியிலே இருக்கு. அவனைக் கேக்க வேண்டாம்” என்றாள். அவன் என்றது ஹூஸ்டனை.

வேலை ஆரம்பித்தது. இந்த இடத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். பலர் பெட்டியை மட்டும் மாற்றுகிறார்கள். வாசலில் புதுப் பெட்டி மின்னும். உள்ளே உதிர்கிற ரப்பர் வயர் அப்படியே இருக்கும். அடிக்கடி ட்ரிப் ஆகிறதே என்று 32 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றை வாங்கிப் போட்டுவிடுவார்கள். நாலு இழையை முறுக்கிப் போட்ட பழைய பாவத்துக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. எம்.சி.பி.யின் அளவு வயரின் கனத்தைப் பார்த்து வைக்க வேண்டியது. நம் பொறுமையைப் பார்த்து வைப்பதல்ல. விளக்குக்கு ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் வயர், பெரிய பிளக்குக்கு இரண்டரை, ஏ.ஸி.க்கு நாலு என்று அவர் இழுத்தார். பழைய சுண்ணாம்புச் சுவரை வெட்ட மனமில்லாமல், கண்ணுக்கு அதிகம் தெரியாத மூலைகளில் மேலோடு குழாய் போட்டார். கொல்லையில் குழி தோண்டிப் புது எர்த் அமைத்தார். கீழ்த்தளத்துக்கு ஓர் ஆர்.சி.சி.பி., மாடிக்கு ஒன்று. பழைய கட்டைகளைக் கழற்றும்போது அத்தை பக்கத்தில் நின்றாள். ஒன்றை மட்டும் வாங்கித் துடைத்து அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

முதல் நாள் சாயங்காலமே வீடு இருண்டது. மாடிப்படி விளக்கைப் போட்டால் இரண்டு பெட்டியும் விழுந்தன. அந்த விளக்குக்குப் பேஸ் கீழேயிருந்தும் நியூட்ரல் மாடியிலிருந்தும் எடுத்திருக்கிறார்கள். வயர் மிச்சம் பிடிக்க அந்தக் காலத்துத் தொழிலாளி செய்த சாமர்த்தியம். பீஸ் கட்டைக்கு அது ஆட்சேபணையில்லை. கணக்குப்பிள்ளையோ ஒப்புவானா? இங்கே போனது இங்கே வரவில்லை. அங்கே வந்தது அங்கே போகவில்லை. அரை நாள் தேடி அதைச் சரிசெய்தார்கள். மறுநாள் காலையில் கிரைண்டரைப் போட்டதும் மறுபடி இருட்டு. புது எர்த் இருக்கிறதல்லவா, மோட்டாருக்குள் கசிந்துகொண்டிருந்த கரண்டு இப்போது தாராளமாகத் தரைக்கு ஓடியது. எதிர் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, “இந்தப் பெட்டிகளே இப்படித்தான். அதை மட்டும் எடுத்துவிட்டு நேராகக் கொடுத்துவிடச் சொல்லுங்கள், தொந்தரவிராது” என்று ஆலோசனை சொன்னார். நல்ல மனிதர். இப்படி நேராகக் கொடுக்கப்பட்ட பெட்டிகள் நம் ஊரில் எத்தனையோ இருக்கும். அத்தை அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள். கிரைண்டரை மோட்டார் கட்டுகிற கடைக்கு அனுப்பினாள்.

மொத்தம் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆயிற்று. மாடியில் இன்னும் பழைய வயர்தான். அதன் மெயினை அணைத்து வைத்திருக்கிறது. தை பிறந்ததும் அதையும் மாற்றுவதாக உத்தேசம். எம்.சி.பி. ஒவ்வொன்றின் கீழும் அத்தை தன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறாள்: அடுக்களை, கூடம், கொல்லை, மாமா ரூம். ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது; மாதம் ஒரு முறை அதை அழுத்தி, விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அமாவாசை தவறாமல் பார்த்துவிடுவதாகச் சொன்னாள். “தூக்கி விட்டா வந்துடறது. இதுக்கு ஒரு மனுஷி வேணுமா?” என்று ஒரு தடவை முணுமுணுத்தாள்.

ஐந்தாம் நாள் கிரைண்டர் வந்தது. அந்தப் பெண் ஒரு விரலை நீட்டி, எடுத்து, மறுபடி நீட்டி, கடைசியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு மணைப் பலகையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

“அதைக் காலாலே தள்ளாதேடி!” என்றாள் அத்தை. “அலம்பி வெயில்லே வை. ஆவணி அவிட்டத்துக்கு வேணும்.”